ரோமத்துக்குள் ஒரு ஊசி

அத்தியாயம் 6

பம்பரத்துக்குத் தும்மல் நின்றபாடில்லை. அந்தக் கரடி பொம்மைப் பட்டறையின் அறையில் காற்றை விட ரோமம்தான் அதிகம். வெட்டிப்போட்ட ஃபர் துணியிலிருந்து கிளம்பிய பழுப்புத் தூசு, மின்விசிறிக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு போக்கிடமே இல்லாதது போல நேராக அவன் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் வரைக்கும் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி என்பதால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே சில சமயம் ஞாபகம் வருவதில்லை.

"துப்பறியறதுன்னா துப்பாக்கி, காரு, துரத்தலுன்னு நினைச்சு உங்ககிட்ட வேலைக்குச் சேந்தேன் சித்தி. கடைசியில கரடி பொம்மைகிட்ட வாக்குமூலம் வாங்கற நிலைமைக்கு வந்துட்டேன்."

சித்தி நிமிரவில்லை. அவன் அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பொய்யாகத் தீப்பிடித்த கடைகளை மோப்பம் பிடித்தே வயதைக் கழித்தவள். இப்போது சைக்கிள் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். இவன் வாய் ஓயாமல் சித்தி சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிற கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கண்டுகொள்வதில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது மேஜை மேல் கிடந்த கரடியை. பழுப்பு நிறம், பொத்தான் கண், சாதுவான மூஞ்சி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, டேப்பின் மேல் ஆஸ்பத்திரி முத்திரை குத்தியிருந்தது.

வழக்கு இதுதான். இந்தப் பட்டறையின் கரடிகள் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகின்றன. போன வாரம் ஒரு வாண்டு இந்தக் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கப் போயிருக்கிறது. கன்னத்தில் ஊசி ஏறிவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. குழந்தை பிழைத்தது பெரிய விஷயம் இல்லை, கண் பிழைத்ததுதான் பெரிய விஷயம். ஆஸ்பத்திரி அதிகாரி ஊசியை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, கரடியைப் பைக்குள் அடைத்துக் காலையில் அனுப்பிவிட்டார். மாலையில் நேரில் வருகிறார். தைத்தது யார் என்று ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைத்தால் அந்த ஆள் மேல் போலீஸில் புகார். கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பெயர் என்னவோ காலையிலேயே எல்லார் வாயிலும் வந்துவிட்டது. புதுப்பொண்ணு.

கரடிக்குப் பஞ்சு அடைத்த பிறகு முதுகை வெளியிலிருந்து கையால் தைத்து மூட வேண்டும். அதுதான் கடைசித் தையல். தைக்கும்போது ரோமம் உள்ளே மாட்டிக்கொண்டால், தலையில் வகிடு எடுத்தது மாதிரி அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். பைக்குள் இருந்த கரடியின் முதுகில் வகிடு பளிச்சென்று தெரிந்தது. பட்டறையில் முதுகு மூடுகிறவர்கள் நான்கு பேர். அதில் முதலாளியம்மாவையும் சேர்த்து மூன்று பேர் கை தேர்ந்தவர்கள், அவர்கள் தைத்த இடம் தேடினாலும் கிடைக்காது. மிச்சம் இருப்பது இந்தப் பெண். அவள் தையலில் வகிடு விழும் என்பது ஊரறிந்த விஷயம்.

முதலாளியம்மாவும் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். ஒரு பெண்ணின் மேல் பழி போடுவதென்றால் ஆதாரத்தோடு போட வேண்டும், இல்லாவிட்டால் சோறு உள்ளே இறங்காது என்று சொல்லி, தானே சித்திக்குப் போன் போட்டு வரவழைத்தாள். பையைப் பிரிக்க ஆஸ்பத்திரியிடம் அனுமதியும் வாங்கிக் கொடுத்தாள்.

"அப்புறம் ஏன் சித்தி இன்னும் பிரிக்காம உக்காந்திருக்கீங்க? பொழுது போயிட்டே இருக்கு."

"பிரிச்சா எதைப் பாக்கணும்னு தெரிய வேண்டாமா? நீ முதல்ல ஒண்ணு தைச்சுக் காட்டு."

"நானா? சட்டையில பட்டன் போனா சட்டையையே மாத்தற ஆளு நான்."

"அதனாலதான்."

சொல்லிக் கொடுக்கப் புதுப்பொண்ணையே கூப்பிட்டார்கள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். அழவில்லை, ஆனால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த சின்னப் பஞ்சுத் திண்டில் ஊசியைக் குத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். போலீஸில் பெயர் ஏறிவிட்டால் இனி எந்தத் தையல் பட்டறை வாசலிலும் அவளை நிற்க விடமாட்டார்கள். வீட்டில் அவள் சம்பாத்தியத்தை நம்பி அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை, காலையில் மற்ற பெண்கள் சொன்னது.

பம்பரம் கத்தரிக்கோலை எடுத்து, சலூன்காரர் மாதிரி வாயை அகலத் திறந்து, ஃபர் துணியை ஒரே வெட்டாக வெட்டினான். பொலபொலவென்று முடி கொட்டியது. துணி ஓரம் மொட்டையாகிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய்க் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

துணியைத் திருப்பிப் போட்டுத்தான் வெட்ட வேண்டுமாம். கத்தரியின் முனையை மட்டும் அடித்துணிக்குக் கீழே நுழைத்து, அடித்துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால், முடி ஒன்று கூட அறுபடாமல் தானாகப் பிரிந்து வரும். தைக்கிற ஓரத்தில் மட்டும் முடியைக் கத்தரித்துவிட வேண்டும். மீதி முடியை ஊசி முனையால் தள்ளி ஒதுக்க வேண்டும். நெருக்கி நெருக்கிக் குண்டூசி குத்த வேண்டும். இத்தனை செய்தாலும் நாலு முடி மாட்டத்தான் செய்யும், எப்பேர்ப்பட்ட கைக்காரிக்கும் மாட்டும். தைத்து முடித்த பிறகு அதையெல்லாம் ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி வெளியே எடுத்து விட்டால்தான் தையல் மறையும்.

"அதுக்குத்தான் நேரம் ஆகும். கண்ணு பூத்துப் போயிரும்," என்றாள் அவள். "என் தையல்ல முடி மாட்டும். பொய் சொல்ல மாட்டேன். இன்னும் முழுசா எடுக்க வரல. ஆனா ஊசியை விட்டது நான் இல்லக்கா."

சித்தி தலையை ஆட்டினாள். பம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்து முடித்தான். பாதி முடி உள்ளே, பாதி வெளியே, துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"இதையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் சித்தி. நோயாளியா."

சித்தி அவன் துண்டையும் அந்தப் பெண் தைத்த துண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடையது எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. முடி மாட்டிய இடத்தில் எல்லாம் பயந்துபோய் நூலை இறுக்கியிருந்தாள், துணி சுருங்கியிருந்தது.

பம்பரத்துக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. கால் அவனை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஜன்னலோரம் கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மாவின் புருஷன். துணி வெட்டுவது, தைத்து வரும் கரடிகளைக் கம்பி பிரஷால் வாரிவிடுவது, கடைசியில் ஒவ்வொரு கரடி மேலும் காந்தத்தை ஓட்டி ஊசி எதுவும் தங்கவில்லையே என்று பார்ப்பது, எல்லாம் அவர் வேலை. போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதில் கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. இவன் பேச்சுக் கொடுத்தான். பல் போன பக்கம் தலையணையில் படுக்க முடிகிறதா என்று குசலம் விசாரித்தான். அவர் வாயைத் திறக்கவே இல்லை. பல்லோடு பேச்சையும் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா வேடிக்கை பார்த்தான்.

அவர் எதிரில் மூன்று கூடைகள். இரண்டு கூடைக் கரடிகளுக்கு முதுகில் இரண்டு இழுப்பு, காந்தம், பெட்டி. முடிந்தது. மூன்றாவது கூடையிலிருந்து எடுத்த கரடியை மட்டும் மடியில் குப்புறப் போட்டு, பிரஷைக் கீழே வைத்துவிட்டு, ஊசி முனையால் முதுகை நெம்பிக்கொண்டே இருந்தார். இவன் பார்ப்பது தெரிந்ததும் கரடியைச் சட்டென்று மல்லாக்கத் திருப்பினார்.

"மாஸ்டர் நல்ல மனுஷன் சித்தி," என்று திரும்பி வந்து சொன்னான். "பாவம், இந்தப் பொண்ணு தைச்சதையெல்லாம் உக்காந்து சரி பண்ணிட்டு இருக்காரு."

புதுப்பொண்ணு அவனை விநோதமாகப் பார்த்தாள். "என் கூடையை அவர் தொட மாட்டாரே. கத்துக்கற வரைக்கும் நானேதான் நெம்பி எடுக்கணும்னு முதலாளியம்மா சொல்லியிருக்காங்க. என் கூடை இதோ இருக்கு." அவள் காலடியில் இருந்தது நான்காவது கூடை.

சித்தி முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, டேப்பை அறுத்துக் கரடியை வெளியே எடுத்தாள்.

முதுகில் வகிடு அப்படியேதான் இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் ரோமத்தை ஒதுக்கி, தையலை லேசாக இரண்டு பக்கமும் இழுத்தாள். உள்ளே நூல் தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து என்று ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. அளந்து வைத்தது போல ஒவ்வொரு படியும் ஒரே இடைவெளி. எங்கேயும் சுருக்கம் இல்லை.

"பொண்ணு தைச்சது இல்ல," என்றான் பம்பரம். "இது கை தேர்ந்த ஆளு. வேணும்னே முடியை உள்ள விட்டு, அவ மேல பழி போடப் பாத்திருக்காங்க. கேஸ் முடிஞ்சுது, கெளம்பலாமா?"

"நூல் என்ன கலர்?"

குனிந்து பார்த்தான். நீலம். கருநீலம். பழுப்புக் கரடியின் முதுகில் கருநீல நூல். வெளியே ரோமம் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"அதுவும் வேணும்னேதான் இருக்கும்," என்று இழுத்தான். சொல்லும்போதே அவனுக்கு அது ஒட்டவில்லை.

"வேணும்னே பண்றவ அவ்வளவு ஜாக்கிரதையா இருப்பா. பழுப்பு நூலைத்தான் எடுப்பா. இத நல்லாப் பாரு. கை செய்ய வேண்டியதெல்லாம் அப்பழுக்கில்லாம இருக்கு. கண்ணு செய்ய வேண்டியது மட்டும்தான் தப்பு. கலரு தப்பு. முடி நெம்பல. ஊசி எங்க போச்சுன்னு தெரியல."

பம்பரம் நின்றான். அன்றைக்கு முழுக்க ஓடிய கால் அங்கேயே நட்டுவைத்தது போல நின்றுவிட்டது. மூன்றாவது கூடை யாருடையது என்று அவன் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. காலையில் வாசலில் வரவேற்ற முதலாளியம்மா சித்தியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்து "வாங்கம்மா" என்று சொன்னதும், அதற்கு அவன் ஒரு ஜோக் அடித்ததும் ஞாபகம் வந்து, அந்த ஜோக்குக்காக இப்போது வெட்கமாக இருந்தது.

தண்ணீரோடு வந்த புதுப்பொண்ணிடம் சித்தி ஒரே ஒரு விஷயம் கேட்டாள். தினமும் ஊசியில் நூல் கோர்ப்பது யார்? மாஸ்டர்தான் என்றாள் அவள். காலையில் எல்லாருக்கும் சேர்த்துக் கோர்த்து ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவார், பழுப்பு எப்போதும் இடது ஓரம். அவர் பல் பிடுங்கப் போன அன்றைக்கு மட்டும், சும்மா இருப்பானேன் என்று இவளே கோர்த்து வைத்தாளாம். எந்த வரிசையில் என்று கேட்டதற்கு, கைக்கு வந்த வரிசையில் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன கரடிகள் அன்றைக்கு மூடியவைதான்.

அவள் கோர்த்து வைத்திருக்காவிட்டால் அன்றைக்கு அந்தக் கரடியின் முதுகு மூடியே இருக்காது. ஒத்தாசை பண்ணப் போய்த் தன் தலையிலேயே கல்லைப் போட்டுக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பம்பரம் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான்.

சித்தி மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்தார், மேஜை மேல் பை பிரிந்து கிடப்பதைப் பார்த்தார், உட்காராமலே வாயைத் திறந்தார்.

"நான்தான் பண்ணேன். பொண்ணை விட்டுருங்க. என் பேரைக் குடுத்துருங்க."

"எந்த நூல்ல தைச்சீங்க?"

"பழுப்பு. வேற எதுல தைப்பாங்க?"

சித்தி கரடியின் முதுகை விரித்துக் காட்டினாள். மாஸ்டர் அந்த நீலத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பெண்டாட்டிக்கு ரொம்ப நாளாகவே பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறாள். கோர்ப்பதைத் தானே எடுத்துக்கொண்டார். மூடியதை வாங்கி முடியை நெம்பி விட்டார். அவள் கரடியின் கழுத்தோரம் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தேடுவாள், கிடைக்காவிட்டால் வேறு ஊசி எடுத்துக்கொள்வாள், அவர் காந்தத்தை ஓட்டி எடுத்து விடுவார். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தன் தையல் இன்றைக்கும் பழையபடி மறைகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு நாள் அவர் இல்லை.

"அவகிட்ட இருக்கறது அந்தக் கை ஒண்ணுதாங்க," என்றார். "அதுவும் போச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

பம்பரத்துக்கு அவர் மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. பெண்டாட்டியைக் காப்பாற்ற ஊரான் வீட்டுப் பெண்ணைக் காலை முழுக்கப் பலி கொடுக்கத் துணிந்த மனுஷன்தானே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். கையில் கோப்போடு ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு சித்தி. யார் பேரைச் சொல்லப் போறீங்க?"

"நான் சொல்லப் போறதில்ல," என்றாள் சித்தி. கரடியை எடுத்துக்கொண்டு வெளி அறைக்கு நடந்தாள்.

முதலாளியம்மா நீள மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கரடியை மூடிக்கொண்டிருந்தாள். தலை எங்கேயோ திரும்பியிருந்தது, கை மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சித்தி அவள் கையிலிருந்த வேலையை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கரடியைக் கொடுத்தாள். காலையிலிருந்து பட்டறையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பைக்குள் இருந்ததால் அவர்களில் யாரும் தையலைத் தொடவில்லை.

"முதுகைத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்கம்மா. இது யார் தையல்?"

"அதான் காலையிலேயே சொன்னேனே," என்றபடி அவள் கட்டைவிரலை ரோமத்துக்குள் விட்டாள். விரல் தையலின் மேல் மேலிருந்து கீழே ஒரு தடவை போனது. பாதி வழியில் வேகம் குறைந்தது. திரும்ப மேலே வந்தது. மறுபடி கீழே, இந்தத் தடவை ஒவ்வொரு குத்தாக. மற்ற பெண்கள் எல்லாரும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். படியில் அதிகாரியின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. வாசற்படியில் புதுப்பொண்ணு வந்து நின்றாள், அவள் பின்னால் மாஸ்டர்.

"இது என் தையல்," என்றாள் முதலாளியம்மா.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. புருஷன் நிற்கும் பக்கம் குத்துமதிப்பாகத் திரும்பினாள்.

"என்னங்க, என் தையல்ல முடி மாட்டியிருக்கு. எத்தனை நாளா நீங்க எடுத்து விட்டுட்டு இருக்கீங்க?"

மாஸ்டர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளே புரிந்துகொண்டு தலையை ஆட்டினாள். அழுவாள் என்று பம்பரம் நினைத்தான். அவள் அழவில்லை, எழுந்து நின்றாள்.

அதிகாரி உள்ளே வந்து மூச்சு வாங்கினார். நின்றபடியே கோப்பைத் திறந்து, புகாரில் எழுதப் பெயர் தயாரா என்று கேட்டார். அவர் கண் நேராக வாசற்படியில் நின்ற புதுப்பொண்ணிடம் போனது. காலையிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அங்க பாக்காதீங்க," என்றாள் முதலாளியம்மா. "என் பேரை எழுதிக்கோங்க. தைச்சது நான். ஊசியை விட்டதும் நான். பாக்காமயே அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டதும் நான். அதையும் சேத்து எழுதுங்க."

அதிகாரி ஒன்றும் புரியாமல் சித்தியைப் பார்த்தார். சித்தி அவருக்கு உதவவில்லை. அவர் எழுதினார், எழுதி முடித்துக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். முதலாளியம்மா காகிதத்தை மேஜை மேல் வைத்துக் குனிந்தாள், இன்னும் குனிந்தாள். பேனா முனை காகிதத்துக்கு மேல் இங்கேயும் அங்கேயும் அலைந்தது. பழக்க தோஷத்தில் மாஸ்டர் அவசரமாக முன்னால் வந்தார். அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"நீங்க வேணாம்," என்றாள். பிறகு வாசற்படிப் பக்கம் பார்த்து, "நீ வாம்மா. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டு."

புதுப்பொண்ணு வந்து, அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள்.